கொசுவ மடிப்பு

காலேப் கேட்டபோது ஸஹானா இல்லை என்றாள்.

ஒவ்வொரு கோப்பு வரும்போதும் அவன் கேட்கிற கேள்விதான். காப்புரிமைக்காரர் உங்களுக்கு உறவா, தெரிந்தவரா? குழுத் தலைவன் கேட்க வேண்டும், வேலை செய்பவர் பதில் சொல்ல வேண்டும், பிறகு கோப்பு கைமாறும். நாவலூரில் அந்த அலுவலகத்தின் பிழைப்பு, பிறர் வாங்கிய காப்புரிமைகளில் ஓட்டை தேடுவது. ஒருவர் தன் கண்டுபிடிப்பு புதியது என்று சான்று வாங்கியிருப்பார். அவர் விண்ணப்பிப்பதற்கு முன்பே அது ஊரறிய எங்கேயாவது வெளிவந்திருந்தால் சான்று செல்லாது. அப்படி வெளிவந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஏதாவது ஒரு கம்பெனி கேட்கும். ஸஹானா கண்டுபிடிப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி.

கோப்பின் முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவர் பெயர் இருந்தது. ஷ்யாம்சுந்தர், சேலையூர். ஸஹானாவின் அக்கா சுப்ரஜாவின் கணவர்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அக்கா போனதிலிருந்து அவளுக்கு அப்படி ஆகியிருந்தது. யார் எதைக் கேட்டாலும் வாயில் முதலில் வருகிற சொல்லே பதில். சாப்பிட்டாயா என்றால் ஆச்சு. தூக்கம் வருகிறதா என்றால் வருகிறது. கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை.

சுப்ரஜா பள்ளிக்கூடத்தில் பிற்பகல் வகுப்பில் தலைவலி என்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தவள். கரும்பலகையில் பாதி படம் இருந்ததாகச் சொன்னார்கள். அன்றும் ஸஹானா அழவில்லை. காரியமெல்லாம் முறையாக நடந்தது. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். அழுகை பின்னால் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு வருஷம் ஆகப்போகிறது.

கோப்பில் இருந்தது ஒரு புரொஜெக்டர். திரவப் படிகத் தகட்டுக்கு ஒரு குணம் உண்டு. வரும் வெளிச்சத்தில் ஒரு திசையில் அதிர்கிற பாதியைத்தான் உள்ளே விடும். மறுபாதி அதன் முன்னால் இருக்கும் படலத்தில் மாட்டிச் சூடாகும். அதனால்தான் சின்ன புரொஜெக்டர்கள் பகலில் எடுபடுவதில்லை. விளக்கை அணைக்க வேண்டியிருக்கிறது. அந்த மறுபாதியை மீட்க ஜப்பானியர்கள் முயன்றிருக்கிறார்கள், கொரியர்கள் முயன்றிருக்கிறார்கள். படலத்தைக் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வைத்தார்கள். மடித்துப் பார்த்தார்கள். மடித்தால் திரையில் கோடு கோடாக விழுந்தது.

ஷ்யாம்சுந்தரின் காப்புரிமை சொன்னது ஒன்றே ஒன்று. மடிப்புகள் சமமாக இருக்கக் கூடாது. ஓரத்தில் அகலமாகத் தொடங்கி நடுவே வரவரக் குறுக வேண்டும். அப்போது ஒரு மடிப்பில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அடுத்த மடிப்பில் திசை மாறி முன்னால் போகும். கோடு விழாது. ட்யூப் லைட் எரிகிற அறையிலும் படம் தெரியும்.

அவள் முறைப்படி தேடினாள். பழைய காப்புரிமைகள், மாநாட்டுக் கட்டுரைகள், மூடிப்போன கம்பெனிகளின் விளம்பரத் தாள்கள். சமமான மடிப்புகள் நிறைய இருந்தன. சமமில்லாதது எங்கும் இல்லை. நல்ல கண்டுபிடிப்புதான். இரண்டு வாரம் தேடியபின் அவள் தேட வேண்டிய இடத்தில் தேடினாள். அது எந்த இடம் என்பது முதல் நாளே தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முந்தைய நவராத்திரி. சேலையூரில் அக்கா இருந்த காலனியில் ஆண்டுதோறும் கொலுப் போட்டி உண்டு. நலச் சங்கத்தின் சார்பில் பாலாம்பாள் மாமி வீடு வீடாக வருவாள். கூடவே நடுவர்கள் இரண்டு பேர். பொம்மைக்கு மதிப்பெண், அலங்காரத்துக்கு மதிப்பெண், விளக்கிச் சொல்வதற்குத் தனி மதிப்பெண். சொல்லத் தெரியாதவர்களுக்குப் பரிசு கிடையாது. மாமி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து யூடியூபில் போடுவாள். அந்தச் சேனலைத் தொடங்கிக் கொடுத்ததே ஸஹானாதான்.

வீடியோ இருந்தது. பார்த்தவர்கள் சொற்பம். ஸஹானா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள்.

சுப்ரஜா மாம்பழக் கலரில் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். நெற்றியில் வியர்வை. பின்னால் கொலுப் படிகள். மேல்படிக்கும் பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் தண்ணீர் படமாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் காளிங்கன் தலையில் கிருஷ்ணன் பொம்மை. கூடத்தில் இரண்டு ட்யூப் லைட்டும் எரிந்தன. தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது.

இது எப்படிடி வெளிச்சத்துலயும் தெரியறது என்று மாமியின் குரல் கேட்டது.

"இவர் லைட்ட அணைக்கணும்னார், மாமி. நான் மாட்டேன்னுட்டேன். கொலுவுக்கு வர்றவா எல்லாம் இருட்டுல உக்காந்துண்டு சுண்டல் சாப்பிடுவாளா? பூச்சி விழுந்தாலும் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். சுப்ரஜா படிகளின் பக்கவாட்டில் குனிந்து, பின்னாலிருந்த புரொஜெக்டர் பெட்டியின் மூடியைத் திறந்தாள். மாமியின் போன் அவளைத் தொடர்ந்தது. பழைய மானிட்டரிலிருந்து உரித்த படலம் என்றாள். வகுப்பெடுக்கும் குரல் வந்துவிட்டது. வெளிச்சத்தில் பாதி எங்கே வீணாகிறது, அதை எப்படித் திருப்புவது, எல்லாம் சொன்னாள். இவர் அளந்து சமமாக மடித்தாராம். கோடு விழுந்ததாம். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாராம்.

"நான் புடவைக்குக் கொசுவம் வைக்கறாப்பல கையாலயே மடிச்சேன். ஓரத்துல பெரிசு, போகப்போகச் சின்னது. கோடு போயிடுத்து. ஏன் போச்சுன்னு அப்புறமா கணக்குப் போட்டுப் பாத்தோம்."

படத்தின் ஓரத்தில் ஒரு வேட்டிக் கரையும் இரண்டு கால்களும் தெரிந்தன. ஷ்யாம்சுந்தர். முகம் இல்லை. ஸஹானாவும் அன்று அங்கேதான் இருந்தாள், சமையலறை வாசலில், தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டு. அவள் படத்தில் இல்லை.

யூடியூப்ல போடட்டுமாடி என்று மாமி கேட்டாள். அதுக்கென்ன, போடுங்கோ என்று சுப்ரஜா சொன்னாள். இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு ஹாட் பாக்ஸ்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறோம் என்று ஸஹானாவுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. அட்டவணையைத் திறந்தாள். காப்புரிமையின் முதல் கூற்றை, அதாவது இது என் கண்டுபிடிப்பு என்று உரிமை கோரும் வாக்கியத்தை, வழக்கம்போல் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரில் வீடியோவின் நேரத்தைக் குறித்தாள். விளக்கு. படலம். மடிப்பு. சமமின்மை. வெளிச்சம் உள்ள அறை. எல்லாம் பொருந்தின. வீடியோ ஏறியது அக்டோபரில். ஷ்யாம்சுந்தர் விண்ணப்பித்தது அடுத்த மார்ச்சில்.

அட்டவணையை அவள் அனுப்பவில்லை. சேமித்துவிட்டுக் கம்பெனி வண்டியில் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் பாலாம்பாள் மாமி போன் செய்தாள். யூடியூப் தன்னிடம் பாஸ்வேர்டு கேட்கிறது என்றாள். பிள்ளையார் பெயரைப் போட்டுப் பார்த்தாளாம், மாமா பெயரைப் போட்டுப் பார்த்தாளாம், இரண்டையும் அது மதிக்கவில்லையாம்.

எதற்கு மாமி இப்போது என்று ஸஹானா கேட்டாள்.

"உங்க அத்திம்பேர்தான். அந்தக் கொலு வீடியோவ அழிச்சுடுங்கோன்னு கால்ல விழாத குறையா நிக்கறான். ஏதோ கேஸாம். எனக்கு மனசே இல்லடி. போன பொண்ணு ஜம்முனு நின்னுண்டு பேசறா, அதப் போய் அழின்னா? உனக்குத்தான் பாஸ்வேர்டு தெரியும். நீயாச்சு, அவனாச்சு. பாவம் எனக்கு வேண்டாம்."

ஸஹானா அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மேடவாக்கத்தில் பஸ் மாறி, கேம்ப் ரோடில் இறங்கி நடந்தாள். ஷ்யாம்சுந்தர் வீட்டில்தான் இருந்தார். கதவைத் திறந்துவிட்டு, வா என்று மட்டும் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அக்காவின் பள்ளிக்கூட நேர அட்டவணை அப்படியே ஒட்டியிருந்தது. அதன்மேல் கேஸ் சிலிண்டர்காரரின் எண்ணை எழுதியிருந்தார்.

அவரே காபி போட்டார். சர்க்கரை அதிகம். புரொஜெக்டர் விற்கிற ஒரு கம்பெனிக்காரன் நோட்டீஸ் விட்டிருக்கிறான் என்றார். காப்புரிமையை ரத்துசெய்யப் பார்க்கிறான். ரத்தானால் அதே பெட்டியை வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கிவிடுவான். கோவிலம்பாக்கத்தில் தான் வைத்திருக்கிற ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்குத்தான் முக்கால்வாசி போகிறது. பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பாடம் நடத்தலாம், அதனால் வாங்குகிறார்கள்.

"கோப்பு எங்கிட்டதான் இருக்கு, அத்திம்பேர்" என்றாள் ஸஹானா.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ நல்லதாப் போச்சு."

அவர் வக்கீலிடம் பேசியதைச் சொன்னார். இதற்கு முன் வெளியில் காட்டியிருக்கிறீர்களா என்று வக்கீல் கேட்டாராம். இவர் வீடியோவைப் பற்றிச் சொன்னாராம். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வெளியானது என்றால் வாதாடிப் பார்க்கலாம், ஆனால் இல்லாமல் இருப்பதே உத்தமம் என்றாராம் வக்கீல்.

"அக்கா சம்மதம் குடுத்தாளே."

"அவ உரிமையாளர் இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்வதைப்போல் சொன்னார்.

ஸஹானா கேட்க வந்தது அதுதான் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. "அக்கா பேர் ஏன் அதுல இல்ல?"

ஷ்யாம்சுந்தர் யோசித்தார். மறைக்கிற யோசனை இல்லை. நினைவுபடுத்திக்கொள்கிற யோசனை.

"விண்ணப்பம் எழுதறவர் இங்கதான் வந்தார். கண்டுபிடிச்சது யார் யாருன்னு கேட்டார். நான்தான்னேன். அவ உள்ள தோசை வாத்துண்டிருந்தா. அவருக்கும் சேத்து." பிறகு சொன்னார்: "கணக்கெல்லாம் நான் போட்டது, ஸஹானா. பெட்டி நான் பண்ணினது. மூணு வருஷம் அதோட கெடந்தேன். அவ ஒரு நாள் மடிச்சா."

"அந்த ஒரு நாள்தானே முதல் கூற்று."

"அவள அன்னிக்குக் கேட்டிருந்தாலும் உங்க பேரே இருக்கட்டும்னுதான் சொல்லியிருப்பா."

அது உண்மை. ஸஹானாவுக்கு அக்காவைத் தெரியும். தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கெதுக்கு அதெல்லாம் என்று சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு வந்தவருக்கு இன்னொரு தோசை போட்டிருப்பாள். ஆனால் அவளைக் கேட்கவில்லை.

அவர் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ஸஹானா சேனலுக்குள் நுழைந்தாள். பாஸ்வேர்டு விரல்களுக்கு ஞாபகம் இருந்தது. வீடியோவைத் தேர்ந்தெடுத்தாள். நீக்கு என்பதை அழுத்தினாள். நிரந்தரமாக நீக்கவா, நீக்கினால் மீட்க முடியாது என்று கேட்டது. சுப்ரஜாவின் முகம் சின்னச் சதுரத்தில், வாய் பாதி திறந்தபடி நின்றது.

"காப்பி எடுத்து வெச்சுக்கோ" என்றார் ஷ்யாம்சுந்தர். "எனக்கும் ஒண்ணு குடு. நான் இன்னும் பாக்கல. பாக்கணும்."

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று ஸஹானாவுக்குத் தோன்றியது. குரல் இருக்கும். ஷெட் இருக்கும். ஆறு பேருக்கு வேலை இருக்கும். அக்காவே இங்கே நின்றால் அழுத்தித் தொலையேன்டி என்பாள். விரல் பட்டன்மேல் இருந்தது. கீழே தெருவில் தண்ணீர் லாரி பின்வாங்குகிற சத்தம் கேட்டது. அவள் பக்கத்தை மூடினாள்.

"நான் பண்ண மாட்டேன், அத்திம்பேர்."

"ஏன்?"

"காப்பி இருந்தா நான் கேப்பேன், நீங்க கேப்பேள். நமக்குத்தான் தெரியுமே, மத்தவாளுக்கு?"

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மடிக்கணினியை எடுத்து அலமாரியில் வைத்தார். நீ கண்டுபிடிக்காட்டாப் போறும், அவ்வளவுதான் கேக்கறேன் என்றார். வாசல்வரை வந்தார். அக்காவின் வருஷாப்திகத்துக்கு வாத்தியாரிடம் சொல்லியாகிவிட்டது, முதல் நாளே வந்துவிடு என்றார். வருகிறேன் என்றாள்.

அடுத்த நாள் அவள் காலேபின் அறைக்குப் போனாள். அந்த ஆள் என் அக்கா புருஷன் என்றாள். காலேப் நாற்காலியில் சாய்ந்தான். அன்னைக்கே கேட்டேனே என்றான். கேட்டீங்க என்றாள். ஏதாவது கண்டுபிடித்தீர்களா என்றான். அதை நான் சொல்லக் கூடாது, இரண்டு வாரம் நான் செய்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றாள். அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். இது மேலே போகும், என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது என்றான். கோப்பு முகிலனுக்குப் போயிற்று. ஸஹானாவை ஜன்னலோரம் வேறு மேசைக்கு மாற்றினார்கள். இடையில் நாலு மேசை. அவ்வளவுதான் அந்த அலுவலகத்தில் எழுப்ப முடிந்த சுவர்.

முகிலன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். பழைய காப்புரிமைகளில் அவனுக்குப் பொறுமை கிடையாது. நேராகக் கண்டுபிடித்தவரின் ஊர், தெரு, பள்ளிக்கூடம், சங்கம் என்று தேடுவான். அவள்தான் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தாள் என்று சொல்லிக்கொள்வான். உண்மையில் அது அவனாகக் கற்றுக்கொண்டது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் காலேபைக் கூப்பிட்டான்.

"இதப் பாருங்க. சிக்கிடுச்சு."

ஒலிபெருக்கியில் போட்டான். மூன்று நான்கு பேர் கூடினார்கள். ஸஹானா தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொலுக் கூடத்தின் இரைச்சல் நாலு மேசை தாண்டி வந்தது. பிறகு குரல். பூச்சி விழுந்தாலும் தெரியாது என்ற இடத்தில் இவர்களும் சிரித்தார்கள்.

இந்த மேடம் கிளாஸ்ல உக்காந்திருந்தா நான் அரியரே வெச்சிருக்க மாட்டேன் என்றான் ஒருவன். பேட்டன்ட்ட விட இவங்க சொல்றது புரியுது என்றாள் இன்னொருத்தி.

காலேப் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாம் சரி, ஆனால் நிற்குமா என்றான். சம்மதம் இல்லாமல் வெளியிட்டது என்பார்கள். போடுங்கோ என்று சொன்னது யாரோ ஒரு பெண். காப்புரிமைக்காரர் முகமே படத்தில் இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சம்மதம் கொடுக்க என்ன உரிமை என்று கேட்டால் பதில் இல்லை.

அடையாளம் தெரியாத பெண்மணி என்று எழுதிவிட்டேன் என்றான் முகிலன். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

"அடையாளம் தெரியும்" என்றாள் ஸஹானா.

எழுந்து போனாள். கூடியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். திரையில் சுப்ரஜா பெட்டிக்குள் கையை விட்டு, மடிப்பு மடிப்பாக இருந்த படலத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். முகிலன் அவசரமாக வீடியோவை நிறுத்தினான்.

"நிறுத்தாத. ஓடட்டும்."

ஓடியது. காலேப் மெதுவாகச் சொன்னான். "ஸஹானா, நீங்க இதுல பேச வேண்டாமே."

"தேடறவளாப் பேசல. நான் அங்க இருந்தேன். அவ பேர் சுப்ரஜா. அந்தப் படலத்த மடிச்சது அவதான்."

"அவங்க அஃபிடவிட் குடுப்பாங்களாக்கா?" என்றான் முகிலன்.

"செத்துப்போயிட்டா."

அந்தச் சொல்லை அவள் இதுவரை சொன்னதில்லை. போய்ட்டா, தவறிட்டா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். சொன்னபின் ஏதாவது ஆகிறதா என்று பார்த்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முகிலன் கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் குடுக்கறேன் அஃபிடவிட்" என்றாள். "எழுதிக்கோ."

முகிலன் காலேபைப் பார்த்தான். இது உங்க குடும்பம், இன்னொரு தடவை யோசிங்க என்றான் காலேப். யோசித்தாகிவிட்டது என்றாள். ஷெட், ஆறு பேர், முதல் நாளே வந்துவிடு என்று சொன்ன மனிதர், எல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தன. அவை ஒரு பக்கம் இருந்தன. இது ஒரு பக்கம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் உடம்பில் எதுவும் அசையவில்லை.

காலேப் தலையை ஆட்டினான். முகிலன் புதிய பக்கம் திறந்தான். பெயர் கேட்டான். சொன்னாள். வயது, முகவரி கேட்டான். சொன்னாள். அந்த நவராத்திரியில் என்னென்ன பார்த்தாள் என்று கேட்டான். முதல் நாள் கோடு விழுந்த திரையைப் பார்த்ததை, அக்கா கூடத்துத் தரையில் சப்பணமிட்டுப் பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு மடித்ததை, அத்திம்பேர் பக்கத்தில் நின்று இது தேறாது என்றதை, தேறியதும் விசிலடித்ததை, யூடியூபில் போடட்டுமா என்று மாமி கேட்டபோது அவரும் சிரித்துக்கொண்டே நின்றதை, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்தான்.

"கடைசியா ஒண்ணுக்கா. சாட்சி சொல்றவங்களுக்கும் கண்டுபிடிச்சவங்களுக்கும் என்ன உறவு?"

"தங்கை."

அவன் கோப்பில் கண்டுபிடித்தவர் பெயரைப் பார்த்து, ஷ்யாம்சுந்தரின் தங்கை என்று அடித்தான். ஸஹானா அதைப் படித்தாள்.

"அவருக்கு இல்ல" என்று ஓடிக்கொண்டிருந்த படத்தைக் காட்டினாள்.

முகிலன் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் அடித்தான். எழுத்துச் சரிதானா என்று கேட்டான். சரி என்றாள்.